மாப்பிள்ளையை இறக்கிய சொதி

நேற்றுத் தாலி கட்டியதிலிருந்து மாப்பிள்ளை கூடத்து மின்விசிறிக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் இது வழக்கம்தான். மறுநாள் மாமியார் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்பைச் சாப்பிட்டால் கால் தரைக்கு வந்துவிடும். பால் திரிந்துபோனால் வராது. எதிர்வீட்டு மாப்பிள்ளை மூன்று வருஷமாக மொட்டைமாடிக்கு மேலேதான் இருக்கிறார். காற்றடித்தால் கொடிக்கயிற்றில் கட்டிவைப்பார்கள். தங்கமான மனுஷர், ஒரு குறை சொன்னதில்லை.

சங்கரவடிவுக்குக் காந்திமதி ஒரே மகள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மாப்பிள்ளை இறங்கினால் சாயங்கால ரயிலில் மகளைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இறங்காவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். பால் திரிந்தால்தான் என்ன என்று பாழாய்ப்போன மனசு காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டது.

இரண்டு தேங்காயைத் துருவி, அரைத்து, மூன்று பால் பிழிந்து வைத்தாள். காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் நறுக்கினாள். அப்போது அரிசி டிரம்மைத் திறந்துகொண்டு மறுவீட்டு இலாகா அதிகாரி வெளியே வந்தார். சட்டையில் ஒரு அரிசிகூட ஒட்டவில்லை.

“முதல் பாலை முதல்ல ஊத்துங்க. படிவத்துல அப்படித்தான் இருக்கு.”

“அது கெட்டிப் பால்லா? கடைசிலதான் ஊத்தணும். கொதிச்சா திரிஞ்சிரும்.”

“திரியட்டும். உங்க மேல தப்பு வராது. நான் கையெழுத்துப் போடுதேன்.”

சங்கரவடிவு முதல் பால் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. கை அப்படியே நின்றது.

கூடத்தில் காந்திமதி நாற்காலி மேல் ஏறி நின்று மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“அங்க ஒட்டடை தெரியுதா?”

“தெரியுது.”

“அப்ப சும்மாதானே இருக்கீங்க, அடிங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சங்கரவடிவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சீ, பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது! கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மூன்றாம் பாலில் காயை வேகவைத்தாள். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்தாள். கடைசியாக முதல் பாலை ஊற்றி, நுரை கட்டியதும் அடுப்பை அணைத்தாள்.

“விதிமீறல்” என்றார் அதிகாரி. டிரம்முக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டார்.

எலுமிச்சம்பழம் பிழிந்து, இஞ்சித் துவையலோடு தட்டை மேலே நீட்டினாள். முதல் வாய்க்கு மாப்பிள்ளை பரண் உயரத்துக்கு வந்தார். இரண்டாவது வாய்க்கு ஜன்னல் உயரம். மூன்றாவது வாய்க்குப் பாதம் தரையில் பட்டது.

“அத்தே, இன்னொரு கரண்டி.”

சங்கரவடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

சாயங்காலம் ஆட்டோ வந்தது. மாப்பிள்ளை ஏறினார். காந்திமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே சமையலறையும் வீட்டைவிட்டுத் தெருவாசலுக்கு வந்து, “கொஞ்சம் தள்ளி உக்காரு” என்று அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டது.

சங்கரவடிவு அந்தச் சமையலறைக்குள்ளேயே நின்று சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு நகர்ந்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, பெங்களூர்ல நல்ல தேங்கா கிடைக்குமா?”