செப்புக்குடத்தில் செத்த மருந்து

“மருந்து செத்துப்போச்சு, அண்ணாச்சி” என்றான் ஜெபமணி.

மளிகைக்கடை சங்கரலிங்கம் தன் செப்புக்குடத்தைப் பார்த்தார். அது கழுத்தில் வேப்பிலையும் நெற்றியில் குங்குமமுமாக மங்களகரமாக நின்றது. “மருந்துக்கு ஏது தம்பி உசிரு?”

இந்த மருந்துக்கு இருந்தது. முப்பத்தெட்டாம் வருஷக் கோடையில் பண்ணைப்புரத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில் காலரா இறங்கியிருந்தது. சர்க்கார் அனுப்பிய மருந்து, காலராக் கிருமிக்குள் புகுந்து அதைக் கொன்று பெருகும் இன்னொரு நுண்ணுயிர், பெயர் ஃபேஜ். அதைக் கொண்டுவந்த ஜெபமணி போடிக் கடைவீதிப் பையன், மதுரையில் விஞ்ஞானம் படித்தவன். அவனுக்குப் படிப்பும் பயமும் சம அளவில் இருந்தன. காலரா ஊருக்குள் நுழைந்தால் பயம் ஒரு பிடி கூடும்.

காலையில் கண்ணாடிக் குப்பிகளை அண்ணாச்சியிடம் ஒப்படைத்துவிட்டு அவன் நோயாளிகளைப் பார்க்கப் போனான். அந்த ஊருக்குக் கண்ணாடியில் வருவது சாராயம் மட்டும். தீர்த்தம் வருவது செம்பில்.

“பொம்பளைக கண்ணாடிய வாயில வைக்க மாட்டோம்னு சொன்னாக” என்றார் அண்ணாச்சி. “அதான் எல்லாத்தையும் உடைச்சு இதுல ஊத்தினேன். சாயங்காலம் பூசை போட்டுக் குடிக்கிறதா ஏற்பாடு. புளி போட்டு வெளக்குன குடம் தம்பி.”

“அதனாலதான் இன்னும் சீக்கிரமாச் செத்திருக்கும்.”

செம்பு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அயனிகளாகக் கசியும்; பகல் முழுக்க அதில் கிடந்தால் ஃபேஜ் பிழைக்காது. கல்லூரியில் அவனே சோதித்துப் பார்த்துத் தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். குடத்துக்கு அது தெரியாது.

அப்போது முத்துக்கருப்பன் ஓடிவந்தான். “ஐயா, என் பொஞ்சாதி பவுனுக்கு மத்தியானத்துலருந்து வயித்தால போறது நிக்கவே இல்ல. கண்ணு உள்ள போயிருச்சு. கொடத்துத் தண்ணியக் குடுக்கட்டுமா?”

ஜெபமணியின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது.

“என்ன தம்பி, நெஞ்சு வலியா?” என்றார் அண்ணாச்சி.

“ஒரு குப்பி மிச்சமிருக்கு.”

“யாருக்கு வச்சிருந்தீக?”

“எனக்கு.”

முத்துக்கருப்பன் அவன் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தான். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் பவுனு சுருட்டிப்போட்ட சேலைபோலக் கிடந்தாள். விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. முத்துக்கருப்பன் பித்தளைச் சொம்பை எடுத்தான். ஜெபமணி அதைப் பிடுங்கித் தள்ளிவைத்தான்.

“அதுலயும் செம்புதான். மண் கலயம் குடுங்க. வெத்தலப் பெட்டி எங்க இருக்கு?”

“அவ சாகக் கெடக்கா. ஒமக்கு வெத்தல கேக்குதோ?”

“சுண்ணாம்பு வேணும்யா. சுண்ணாம்புச் சத்து இல்லாட்டி இந்த மருந்து கிருமிக்குள்ள எறங்காது.”

காய்ச்சி ஆறிய நீரில் தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு சொட்டு. பிறகு குப்பியின் கழுத்தை ஒடித்தான். மருந்து கொஞ்சம் விரலில் வழிந்தது. அதையும் கலயத்தில் உதறினான்.

பவுனு கண்ணாடிக் குப்பியைப் பார்த்துவிட்டாள். “சாராயமா?”

“இல்லக்கா. சாராயமா இருந்தா நானே குடிச்சிருப்பேன்.”

அவள் குடித்தாள். வாந்தி வருமோ என்று, கூடவே வந்திருந்த அண்ணாச்சியும் சேர்த்து மூவரும் காத்திருந்தார்கள். முத்துக்கருப்பன் மூச்சு விடாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டை ஒருமுறை ஏறியது. இறங்கியது. மருந்து உள்ளேயே நின்றது. அதற்குப்பின் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை வாய் வாயாகப் புகட்டினார்கள்.

விடிந்தபோது பவுனு, கஞ்சியில் உப்புக் கூடிவிட்டதென்று புருஷனை ஏசினாள்.

“அப்ப கொடத்துத் தண்ணியக் கீழ ஊத்திரவா?” என்றார் அண்ணாச்சி.

“ஊத்திருங்க. ஆனா கொடம் இருக்கட்டும். செம்பு காலராக் கிருமியையும் விட்டுவைக்காது. தண்ணியக் காய்ச்சி அதுலயே ஊத்தி வச்சுக் குடிக்கச் சொல்லுங்க.”

ஊர் கேட்டது. புதிதாக யாரும் நோயில் படுக்கவில்லை. குடத்துக்கு மாலை விழுந்தது. பவுனே எழுந்துவந்து அதைக் கும்பிட்டாள். மருந்தைக் கொன்ற குடம் என்று சொல்ல ஜெபமணி வாயெடுத்தான். மாலையின் கனத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

அடுத்த ஊருக்குக் கிளம்புமுன் காலிச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். திரும்பி வந்து குடத்தின் முன் நின்றான்.

“அண்ணாச்சி, எனக்கும் ஒரு சொம்பு ஊத்துங்க.”