அழிந்துபோன இரண்டு பெயர்கள்

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிவந்த புது மார்க்கர் பேனாவை அன்றைக்கே காட்டிக்கொள்ளாவிட்டால் சென்னிமலைக்குச் சோறு இறங்காது. நாமக்கல் கிளினிக்கின் லேபில் பதினொரு வருஷமாகப் பென்சிலால் எழுதியவன், மூச்சிரைப்போடு வந்த இரண்டு பேரின் சளி தடவிய கண்ணாடி ஸ்லைடுகளில் குப்பாயி, வேலுசாமி என்று அந்தப் பேனாவால் அச்சுப்போல எழுதினான். சாயத்தை ஊற்றியதும் அதிலிருந்த ஸ்பிரிட் இரண்டு பெயரையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஸ்பிரிட் மையைக் கரைக்கும் என்று தெரியாதா? தெரியும்.

ஒரு ஸ்லைடில் சிவப்பு மணிகளோடு, ஆஸ்துமாவைக் காட்டும் ஈசினோபில் செல்கள் மொய்த்தன. மற்றதில் தேடத்தான் வேண்டும். மறுபடி சளி கேட்க வெட்கம். வேலுசாமியின் நெஞ்சில் விசில் பெரிதாகக் கேட்டதால் அந்தச் சிவப்பு ஸ்லைடை அவன் பேரில் சீட்டில் எழுதினான். அதை நம்பி டாக்டர் ஜானகியம்மாள் அவனுக்கு ஸ்டீராய்டும் குப்பாயிக்குச் சளிக் கிருமியைக் கொல்லும் மாத்திரையும் கொடுத்தார்.

ஒரு வாரத்தில், எருமப்பட்டிக் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் குப்பாயி மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. யாரையும் நக்கலடிக்காமல் விடாத சென்னிமலை, உள்ளே ஓடி டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

குப்பாயிக்கு ஊசி போட்டு, மருந்தை மாற்ற வேலுசாமியைக் கூட்டிவர மோகனூருக்கு ஆள் அனுப்பிவிட்டுத்தான் டாக்டர் பேசினார்.

"தீவன வாளி சத்தம் கேட்டா கோழியெல்லாம் ஓடி வருதில்ல? நெஞ்சுக்குள்ள ஒரு வகைச் செல் புரதத்தைக் கசியவிடும். அதுதான் வாளிச் சத்தம். ஈசினோபிலுங்க கூட்டமா வந்து மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிரும். ஸ்டீராய்டு குடுத்தா சத்தம் அடங்கும். நீ எழுதுன சீட்டால அந்தம்மாவுக்கு ஒரு வாரமா வாளி அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு."

"ரொம்பச் சிரமப்பட்டிருக்குமுங்களா?"

"இனிமே பென்சில்ல எழுது."

வெளியே வந்து மருமகளிடமும் அதையே கேட்டான். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று அவள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

நான்கு நாள் கழித்துக் குப்பாயி தானே நடந்து வந்தாள். துண்டில் ஆறு முட்டை.

"மூச்சு வந்துருச்சு சாமி. உனக்குத்தான் கொண்டாந்தேன்."

முட்டையைத் தொடக் கை வரவில்லை. பேனா கதையைச் சொன்னான். சிரிக்கவைக்கலாம் என்று, "எழுத்து மட்டும் கல்யாணப் பத்திரிகையாட்டம் இருந்துதுங்காத்தா" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனாலும் முடியவில்லை.

"ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாத்தா?"

குப்பாயி அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆமாஞ் சாமி. ஏழு ராத்திரி உக்காந்தே கெடந்தேன். பொழைக்க மாட்டேன்னு மருமவ கையில ஊட்டுச் சாவியக் குடுத்துட்டேன்."