மாதப் பிறப்பில் வாத்து

காலையில் எழுந்ததும் அரிசி களைந்து குக்கரில் போடுகிறேன். ஒரு முட்டையை வேக வைக்கிறேன். பல் துலக்குகிறேன். சோறு ஆனதும் சின்னக் கிண்ணத்தில் குவித்து, உரித்த முட்டையை அதன் மேல் வைத்து, சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, என் மனைவி லியெனின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறேன். ஊதுபத்தி கொளுத்துகிறேன். அது எரிந்து முடிகிறவரை சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். பிறகு அந்தச் சோற்றை நானே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். ஆறிய முட்டைக்கு உப்பு கூடுதலாக வேண்டியிருக்கிறது.

அன்று வேலைக்குப் போகவில்லை. லியென் இறந்து நூறாம் நாள். அழுகையை நிறுத்துகிற நாள் என்று அதற்குப் பெயர். வழக்கப்படி அன்றோடு தினசரிச் சோறும் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறைதான்.

மதியம் பத்துப் பன்னிரண்டு பேர் வருவதாக இருந்தது. லியெனின் அம்மா விடிந்ததுமே வந்துவிட்டார். இரண்டு கையிலும் பைகள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"கீழே இருந்து கூப்பிட்டிருக்கலாமே அம்மா."

"கூப்பிட்டா நீ இறங்கி வரணும், அப்புறம் ஏறணும். வீட்டுல ஒருத்தருக்கு மூச்சு வாங்கினா போதாதா?" என்றார். "அந்தக் காகிதப் பையை மட்டும் பதனமா வாங்கு. மோட்டார் சைக்கிள் நசுங்கிடப்போகுது."

செத்தவர்களுக்கு எரித்து அனுப்புவதற்கான காகிதச் சாமான்கள். சட்டை, செருப்பு, கைப்பை, சிவப்புக் காகிதத்தில் செய்த மோட்டார் சைக்கிள். கைப்பிடியில் ஒரு காகித ஹெல்மெட் தொங்கியது.

"முதல்ல காட்டினதுல ஹெல்மெட் இல்ல. இது இல்லாம என் பொண்ணை எப்படி அனுப்புறதுன்னு கேட்டேன். கடைக்காரி சிரிக்கிறா. அங்கே போலீஸ்காரன் பிடிக்க மாட்டான் அக்காங்கறா. பிடிச்சா நீ வந்து அபராதம் கட்டுவியான்னேன். உள்ளே போய் எடுத்துட்டு வந்தா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் சமையலறைக்குப் போனோம்.

அவர் கோழியை வேக வைத்தார். நான் மூங்கில் குருத்தை நறுக்கினேன். லியெனுக்குப் பிடித்த ஒவ்வொன்றும் மேசைக்கு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. பொரித்த சுருள், பச்சைப் பயறு போட்ட ஒட்டரிசிச் சோறு, வினிகரில் ஊறிய கத்திரிக்காய். அவர் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். பேச்சு எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். நூறு நாளாக அது அங்கேதான் வந்து நிற்கிறது.

லியென் இறந்த ராத்திரி மருத்துவமனை நடையில் அவர் என்னிடம் முதலில் கேட்டது, எப்படி நடந்தது என்று அல்ல. "சாப்பிட்டாளா?" என்று கேட்டார். பசியோடு செத்தவர்கள் அங்கேயும் பசியோடுதான் அலைவார்கள் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"சாப்பிட்டாள்" என்றேன்.

"என்ன சாப்பிட்டா?"

"வாத்து."

வாயில் வந்தது அதுதான். அவர் "மாசப் பிறப்பு அன்னைக்கா?" என்று மட்டும் கேட்டார். சந்திரக் கணக்கில் அன்று மாதத்தின் முதல் நாள். மாதத் தொடக்கத்தில் வாத்து தின்றால் அந்த மாதம் முழுக்கக் கெடும் என்பது ஹனோயில் குழந்தைக்கும் தெரியும். வாத்துக்கடைகள் பாதி அந்த நாட்களில் திறப்பதே இல்லை. அந்த நேரத்தில் நர்ஸ் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முதல் நாளும், ஒவ்வொரு பௌர்ணமியும் அவர் கோவிலுக்குப் போய் மகளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வாத்து தின்ற மகளுக்காக.

அவள் தின்னவில்லை. தின்றது நான்.

எங்கள் கல்யாண நாள் அது. மேற்கு ஏரிக்குப் பக்கத்தில் பழைய மஞ்சள் மாளிகை ஒன்றை பிரெஞ்சு பிஸ்ட்ரோ உணவகமாக மாற்றியிருந்தார்கள். மூன்று வாரம் முன்பே இடம் சொல்லிவைக்க வேண்டும். ஃபோனில் தேதியைப் பார்த்துச் சொல்லிவைத்தேன். சுவர்க் காலண்டரைப் பார்த்திருந்தால் கீழே சின்ன எழுத்தில் சந்திரத் தேதியும் தெரிந்திருக்கும். வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் லியென் சொன்னாள்.

"இன்னைக்கு முதல் நாள், தெரியுமா? பரவால்ல. நான் மீன் சாப்பிட்டுக்கறேன்."

அழகான இடம்தான். கரும்பலகையில் சாக்பீஸால் பிரெஞ்சு எழுத்து. சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒவ்வொரு மேசையிலும் மூடி போட்ட சின்ன விளக்கு. ரொட்டி அடுப்பிலிருந்து நேராக வந்தது. பிய்த்தால் ஆவி பறந்தது, வெண்ணெயில் உப்புக்கல் நறநறத்தது. "இதுக்கே வரலாம்" என்றாள். அடுத்து வெங்காய சூப். மேலே பாலாடைக்கட்டி கருகியிருந்தது, கீழே சூப் சில்லென்று இருந்தது. பரிமாறுகிற பையன் நாங்கள் ஒரு மடக்கு குடிக்கக் குடிக்க ஓடிவந்து தண்ணீர் ஊற்றினான். மீன் எங்கே என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினான்.

"கவனிச்சீங்களா, நம்மளை வாடாம வெச்சிருக்கான்" என்றாள் லியென். "தொட்டிச் செடி மாதிரி."

பக்கத்து மேசையில் ஒரு பெண் தட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் அவளுக்காக விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சொல்லியிருந்த வாத்துக்கால் வந்தது. தோல் மொறுமொறுப்பு, உள்ளே வறட்டு நார். அவளுடைய மீன் வரவில்லை. நான் காத்திருக்கவில்லை. ஆறிவிடும் என்று சாப்பிட ஆரம்பித்தேன். பாதி முடித்த பிறகு பையன் வந்து மீன் தீர்ந்துவிட்டது என்றான். அதற்குப் பதிலாகச் சமையல்காரரின் அன்பளிப்பு என்று ஒரு தட்டை வைத்தான். கணவாய், அதன் சொந்தக் கறுப்பு மையிலேயே வேகவைத்தது.

மாதப் பிறப்பில் ஆகாதது வாத்து மட்டும் இல்லை. கணவாயும், நாய்க்கறியும்கூட ஆகாது.

லியென் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமலே சிரித்தாள். "வாத்து அங்கே, கணவாய் இங்கே. இன்னும் நாய்க்கறி ஒண்ணுதான் பாக்கி. கேளுங்க, அதுக்கும் பிரெஞ்சுல ஒரு பேர் வெச்சிருப்பாங்க."

பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மெல்லப் பேசு என்றேன்.

"சாப்பிடு" என்றேன். "மருந்துக்கடையில உட்கார்ந்து ஊருக்கே மாத்திரை கொடுக்கறவ, ஒரு கணவாயைப் பார்த்து பயப்படறே."

"மாத்திரை வேற, கணவாய் வேற."

"ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது. அம்மாகிட்டப் பொய் சொல்லணும். எனக்குப் பொய் வராது."

அவள் மத்தியானமும் சாப்பிட்டிருக்கவில்லை. ராத்திரிக்கு வயிற்றில் இடம் வேண்டும் என்று விட்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். மிச்ச ரொட்டியைத் தின்றாள். இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டோம், வரவில்லை. நான் என் வாத்தை முடித்தேன். எலும்பு வரைக்கும். இவ்வளவு ஆசையாகக் கூட்டிவந்த இடத்தில் ஒரு தட்டாவது காலியாக வேண்டும் என்று ஏதோ ஒரு பிடிவாதம்.

பில் கேட்டோம். அதுவும் வரவில்லை. அவள் எழுந்து வெளியே போனாள். ஏரிச்சாலையைக் கடக்கும்போது ஒரு வேன். வாசலில் சத்தம் கேட்டபோது நான் பில்லுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

நூறாம் நாள் சமையல் முடிந்தது. மேசையைப் படத்துக்கு முன்னால் இழுத்துப் போட்டோம். கிண்ணங்களை அடுக்கினோம். அம்மா பத்தி கொளுத்தி மூன்று முறை கும்பிட்டார். நான் பின்னால் நின்றேன்.

"லியென், வாம்மா, சாப்பிடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி மேலே இருந்த, இறந்துபோன பெரியவர்களின் படங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "தெரியாம செஞ்சுட்டா. சின்னப் பொண்ணு. நாக்கு கேட்டுச்சு, தின்னுட்டா. அவளைத் தள்ளி வெச்சுடாதீங்க. நான்தான் அன்னைக்குக் காலையில ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்தியிருக்கணும். முழங்கால் வலிக்குதுன்னு படுத்துட்டேன். தப்பு என் மேல."

இதை அவர் கோவிலில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். காதால் கேட்டது அன்றுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் முன்னாலும் சொல்வார். அடுத்த வருஷமும் சொல்வார். வாய்க்கு ஆசைப்பட்டுச் செத்தவள் என்று அவளுக்குப் பெயர் நின்றுவிடும்.

உண்மையைச் சொன்னால் மகள் பசியோடு போனாள் என்ற கவலை அவருக்கு வந்து சேரும். இரண்டில் எது மேல் என்று நூறு நாளும் யோசித்திருந்தேன். அப்போது யோசிக்கவில்லை.

"அம்மா, அவ சாப்பிடல."

அவர் கும்பிட்ட கையை இறக்காமலே திரும்பினார்.

"வாத்து சாப்பிட்டது நான். அவ தொடக்கூட இல்ல. கணவாய் கொண்டுவந்தாங்க, அதையும் தொடல. நான் சாப்பிடச் சொன்னேன். மாட்டேன்னுட்டா."

"ஏன் பொய் சொன்னே?"

"பசியோட போயிட்டான்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் தரையில் உட்கார்ந்தார். முழங்காலை நீட்டிக்கொண்டார். மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என்னதான் சாப்பிட்டா?"

"ரொட்டி. கொஞ்சம் சூப்."

"ரொட்டி" என்றார். எழுந்து மகளின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது சோறு கோபுரமாக இருந்தது. மேலே கோழித்தொடை முழுசாக. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"வாத்து தின்னது நீ. அவ போயிட்டா. உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"உனக்குத்தான் ஆகியிருக்கு" என்றார். திட்டுவது போல இல்லை, தேற்றுவது போலவும் இல்லை. டாக்டர் சீட்டைப் படித்துச் சொல்வது போல இருந்தது. "அந்த மாசம் கெட்டது உனக்கு. பொண்டாட்டி போனா. அவ சுத்தமாத்தான் போனா."

மேலே பார்த்து, முன்பு கேட்ட மன்னிப்பை வேண்டாம் என்று திருப்பி வாங்கிக்கொண்டார். சத்தமாக, பெயர் சொல்லி, என் மகள் தொடவில்லை என்றார். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது என்று முன்பே சொன்னேன். ஆனாலும் அவர் சொன்னது வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னும் எழுந்து போகவில்லை.

கீழே படியில் பேச்சுக் குரல்கள் கேட்டன. சொந்தக்காரர்கள் மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் சொல்லு" என்றார் அம்மா. "கோவிச்சுக்கிட்டா எழுந்து போனா?"

"இல்ல."

"பின்னே?"

"எதிர்ல நூடுல்ஸ் கடை இருந்துச்சு. சாப்பிடத்தான் போனா."

"உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

சொன்னாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தோளில் கை வைத்து ஒரு கேள்வி கேட்டாள். நான் பரிமாறுகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. கேட்டதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த வாத்து உங்களுக்கு எங்கே பத்தியிருக்கும், உங்களுக்கும் ஒரு கிண்ணம் சொல்றேன், வெங்காயத்தாள் போடாமத்தானே?"