டிவிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை

வளவன் வருகிறான் என்பது அவன் காலிங் பெல் அடிப்பதற்கு முன்பே ஆனந்தவள்ளிக்குத் தெரிந்துவிடும். டிவி சொல்லிவிடும்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் மாடிப் போர்ஷன் அவளுடையது. கீழே தம்பியின் கார் வந்து நின்றதும், மேலே ஓடிக்கொண்டிருக்கும் டிவியின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி எழும்பும். ‘சுபா மாமா, இணைக்கப்பட்டது.’ உடனே அவள் எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைப்பாள். அவன் படியேறி, செருப்பைக் கழற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரும்போது சர்க்கரை போடாத காபி கைக்கு வந்துவிடும். சனிக்கிழமைதோறும் முசிறியிலிருந்து வாழைத்தார் விவகாரமாக மார்க்கெட்டுக்கு வருகிறவன், அக்கா வீட்டுக் காபி குடிக்காமல் ஒருநாளும் திரும்பியதில்லை.

அந்த டிவி போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. ஆளுக்கொரு போன் இருக்கும்போது வீட்டுக்குத் தனியாக நெட் எதற்கு என்பது ஆனந்தவள்ளியின் கட்சி. அதனால் வளவன்தான் வந்து தன் போன் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்துக் கொடுத்தான். அன்றைக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் டிவிக்கு அவன் போன் கண்ணிலேயே படவில்லை. ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றிய பிறகு தெரிந்தது. அடுத்தது பாஸ்வேர்டு. ரிமோட்டை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஹாட்ஸ்பாட்டுக்கு ‘சுபா மாமா’ என்று பெயர் வைத்தது அவள் மகள் சுபலட்சுமி. பாஸ்வேர்டும் அவள் பெயரும் பிறந்த தேதியும்தான். நாலாவது தடவைதான் டிவி ஒத்துக்கொண்டது.

“இனிமே கவலையில்லக்கா. ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டா போதும், என் போன் பக்கத்துல வந்தாலே அதுவா புடிச்சுக்கும்” என்றான் வளவன்.

“எல்லார் வீட்டு டிவியும் புடிச்சுக்குமா?”

“எழுதிக் குடுக்காத டிவி எப்படிப் புடிக்கும்? அதுக்கு நாம யாரோ எவரோ.”

காரில் இருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் நெட் வேண்டும் என்பதால் அவன் ஹாட்ஸ்பாட்டை அணைப்பதே இல்லை. அவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், அங்கே டிவி இருந்தால் அவன் கை சும்மா இருக்காது. மகள் மகாலட்சுமி காலேஜ் பட்டிமன்றத்தில் பேசிப் பரிசு வாங்கிய வீடியோவைப் போட்டுக் காட்டாமல் எழுந்திருக்க மாட்டான்.

கணவன் போய் ஆறு வருஷமாகிறது. சத்துணவு அமைப்பாளர் வேலையும் ஒற்றை மகளுமாக அவள் நிமிர்ந்து நின்றாள் என்றால், பின்னால் தம்பி நின்றான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பதை அவள் பழமொழியாகச் சொல்வதில்லை, ரேஷன் கார்டில் இருக்கிற விவரம் மாதிரிச் சொல்வாள்.

அந்த நம்பிக்கையில்தான் சித்திரையில் சுபாவின் ஜாதகத்தை அவன் கையில் கொடுத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர். கைலாசபுரத்தில், கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு நல்ல இடம், பையன் பெயர் ரஞ்சித், அங்கேயே வேலை என்று கேள்விப்பட்டிருந்தாள். பெண் ஜாதகத்தைத் தாய்மாமன் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். வளவன் போய்விட்டு வந்து, “வாசல்லயே வாங்கிக்கிட்டாங்கக்கா. உள்ள கூடக் கூப்பிடல. பாத்துட்டு சொல்றோம்னாங்க” என்றான்.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, பதிலே இல்லை. திமிர் பிடித்த இடம் என்று ஆனந்தவள்ளி தலை முழுகிவிட்டாள். ஆடி முடிந்ததும் திருவானைக்காவலில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் ஜாதகத்தைப் புதிதாகப் பதிந்தாள். பத்தாம் நாள் போன் வந்தது. கைலாசபுரம், அதே ரஞ்சித். ஜாதகம் பிரமாதமாகப் பொருந்துகிறது, முதலில் நீங்கள் வந்து வீட்டைப் பாருங்கள் என்று பையனின் அம்மாவே பேசினாள்.

வளவனிடம் போனில் சொன்னாள்.

“ஒரு தடவை பதில் சொல்லாத இடம் நமக்கு எதுக்குக்கா?”

“அவங்களா கூப்பிடறப்ப வீம்பு பண்ணலாமாடா? நீ இல்லாம நான் எப்படிப் போறது?”

வளவன் மனைவியும் வருவதாகத்தான் ஏற்பாடு. கிளம்புகிற அன்று, மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது என்று அவள் நின்றுகொண்டாள். சகுனம் பார்த்து நின்றதற்காக ஆனந்தவள்ளி அவளை மனசுக்குள் மெச்சவும் செய்தாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு வேப்பமரம், துடைத்து வைத்த மாதிரி வீடு. ரஞ்சித்துக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்குத்தான் வருவான் என்றார்கள். அவன் அப்பா மாதவனும் அம்மாவும் வாசலுக்கே வந்து, “வாங்க, வாங்க” என்று ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டார்கள். வளவனைப் பார்த்து மாதவன் ஒரு ‘வாங்க’வோடு நிறுத்திக்கொண்டு சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். புது சம்பந்திக் கூச்சம் என்று அவள் நினைத்தாள். காபி வந்தது. வளவனுக்கு வைத்த டம்ளரைக் காட்டி, “இது சர்க்கரை இல்லாதது” என்றாள் ரஞ்சித்தின் அம்மா. அவனிடம் யாரும் கேட்டதாக ஆனந்தவள்ளிக்கு நினைவில்லை. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேச்சு சுமாராக ஓடியது. பேச வேண்டியது தீர்ந்தபோது, சும்மா இருக்க வேண்டாமே என்று மாதவன் ரிமோட்டை எடுத்தார்.

“மூத்த பொண்ணு கல்யாண வீடியோவை நெட்ல ஏத்தி வச்சிருக்கோம், உங்களுக்குக் காட்டலாம். ஆனா எங்க வீட்ல தனியா நெட் இல்ல. ரஞ்சித் போன் இருந்தாத்தான் வரும்” என்று சொல்லிக்கொண்டே டிவியைப் போட்டார்.

டிவி விழித்தது. இரண்டு நிமிஷம் கேபிளில் ஏதோ கோவில் உற்சவம் ஓடியது. பிறகு மூலையில் சின்னதாக ஒரு பெட்டி எழும்பியது. ‘சுபா மாமா, இணைக்கப்பட்டது.’

“அட, வந்துருச்சே” என்றார் மாதவன். சொன்ன பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ரிமோட்டைச் சோபாவில் கவிழ்த்து வைத்தார்.

ஆனந்தவள்ளி தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதாக ஒரு நொடி நினைத்துவிட்டாள். எழுந்து பால் வைக்கக்கூடக் கால் துறுதுறுத்தது. அப்புறம்தான் இது யார் வீடு என்பது உறைத்தது.

“இப்பல்லாம் எல்லா டிவியும் தானா புடிச்சுக்குதுக்கா” என்றான் வளவன், அவள் கேட்காமலே.

எழுதிக் கொடுக்காத டிவி எப்படிப் பிடிக்கும் என்று இதே வாய்தான் சொன்னது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. எழுந்து, “சமையக்கட்டைப் பாக்கலாங்களா?” என்று ரஞ்சித்தின் அம்மாவோடு உள்ளே போனாள்.

அடுப்பு மேடை, ஜன்னல், தொட்டி எதையும் அவள் பார்க்கவில்லை. கதவோரமாக நின்று நேராகவே கேட்டாள்.

“என் தம்பி இங்க முன்னாடியே வந்திருக்கானுங்களா?”

ரஞ்சித்தின் அம்மா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள். “நேத்து போன் பண்ணி, தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேண்டாம், அக்கா மனசு கஷ்டப்படும்னு கேட்டுக்கிட்டாருங்க. நாங்களும் சரி, குடும்ப விஷயம்னு இருந்துட்டோம். வைகாசில வந்தாரு. அவரும் சம்சாரமும். அவங்க பொண்ணு பேசின வீடியோவ டிவில போட்டுக் காட்டினாரு. பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. ஜாதகம் பொருந்தல, அவ்வளவுதான்.”

“அன்னைக்கு எத்தனை ஜாதகம் குடுத்தான்?”

“ஒண்ணுதாங்க. அவர் பொண்ணோடது. உங்க பொண்ணு இருக்கறதே எங்களுக்கு அந்த மையத்துல சொல்லித்தான் தெரியும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இத்தனை பேர் கைகொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் போன் பண்ணி வாயை அடைத்தவன், டிவிக்குச் சொல்லி வைக்க மறந்துவிட்டான். ஜாதகத்தைக் கொடுக்காதது ஒரு பக்கம். தன் மகளைக் காட்டுவதற்கு, இந்த ஹாலில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி சுபாவின் பெயரையும் பிறந்த தேதியையும் அல்லவா அடித்திருக்கிறான். அப்போதாவது கை கூசவில்லையா அவனுக்கு?

“உங்களுக்கு எங்க மேல வருத்தமிருந்தா சொல்லிருங்க” என்றாள் ரஞ்சித்தின் அம்மா.

“கேட்டதும் மறைக்காம சொன்னீங்களே, அது போதும்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பெண் பார்க்க வரும் நாளை ஒரு தாளில் எழுதி, வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு தட்டில் வைத்திருந்தார்கள். அதைத் தாய்மாமன் கையில்தான் கொடுப்பார்கள். மாதவன் தட்டை எடுத்துக்கொண்டு வளவன் பக்கம் திரும்பினார். வளவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான்.

“நீ உக்காரு வளவா. நான் வாங்கிக்கறேன்” என்றாள் ஆனந்தவள்ளி.

புருஷனை இழந்தவள் சுபகாரியத் தட்டை முதலில் தொடுவதா என்று மாதவன் தயங்கினார். அவருடைய மனைவி தயங்கவில்லை. தட்டை அவர் கையிலிருந்து வாங்கி ஆனந்தவள்ளி கையில் வைத்தாள். வளவன் துண்டைக் கட்டிய கோலத்திலேயே உட்கார்ந்தான்.

திரும்பி வரும்போது காவேரிப் பாலம் வரை காரில் பாட்டுக்கூட இல்லை.

“அக்கா, ஒரு வார்த்தை பேசு” என்றான்.

“சுபா ஜாதகம் எங்க?”

அவன் ஒரு கையால் அவள் முழங்காலுக்கு எதிரே இருந்த டேஷ்போர்டைத் திறந்தான். வண்டிக் காகிதங்களுக்கு அடியில் கவர் இருந்தது. மூலையில் தடவிய மஞ்சள் வெளுத்திருந்தது. இந்த நாலு மாசத்தில் இதே சீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்து, ‘ஒரு பதில்கூடச் சொல்லாத ஜென்மங்கள்’ என்று அந்த வீட்டைத் திட்டியிருக்கிறாள். இவனும் ‘ஆமாக்கா’ என்று கூடவே திட்டினான்.

“மகாவுக்கு இருபத்தெட்டு ஆகப்போகுது. எட்டு இடம் தட்டிப்போச்சு. ராத்திரி தூக்கமில்லக்கா எனக்கு. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“சுபாவுக்கு இன்னும் வயசிருக்கு. வேற இடம் பாத்துக்கலாம்னு…”

“நீ என்கிட்ட கேட்டிருந்தா, இந்தக் கவரை வாங்கி உள்ள வச்சுட்டு, மகா ஜாதகத்தை நானே எடுத்துட்டுப் போயிருப்பேன்டா. அது உனக்குத் தெரியாதா?”

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊரில் சொல்லும்போதெல்லாம், அது மற்றவர்கள் வீட்டுச் சங்கதி என்றே அவள் நினைத்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கி, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கவருமாகப் படியேறினாள். கதவைத் திறந்த சுபா எட்டிப் பார்த்து, “மாமா மேல வரலியாம்மா?” என்றாள்.

“வேலை இருக்காம்” என்றாள் ஆனந்தவள்ளி. மகளிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். தம்பி சொன்ன அதே மாதிரிப் பொய், யார் மனசும் கஷ்டப்படக் கூடாதே என்கிற பொய். அதை நினைத்தபோது அவன் மேல் இன்னும் கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை சுபா வேலைக்குப் போயிருந்தாள். ஆனந்தவள்ளி டிவி முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு மூலையில் பெட்டி எழும்பியது. ‘சுபா மாமா, இணைக்கப்பட்டது.’

பழக்கதோஷம், எழுந்துவிட்டாள். பாலை எடுத்து அடுப்பில் வைத்து, பற்றவைக்க லைட்டரைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே நின்றாள். ஜன்னல் பக்கம் போகவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் வருகிறதா என்று மட்டும் காது கேட்டுக்கொண்டிருந்தது. வந்தால் என்ன சொல்வது? கதவைத் திறந்துவிட்டுத் திட்டுவதா, திறக்காமலே இருந்துவிடுவதா?

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. கீழேதான் நிற்கிறான், டிவி பொய் சொல்லாது. பெல் அடித்திருந்தால் திறந்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. அவன் அடிக்கவில்லை என்பதுதான் தெரிந்தது.

ரோட்டில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. டிவியின் மூலையில் மறுபடி பெட்டி எழும்பியது. ‘சுபா மாமா, இணைப்பு இல்லை.’ ஆனந்தவள்ளி பாலைத் திரும்ப ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்தாள்.