மரை கழண்ட பேனா

ஃபாயிஸாவுக்கு மரை கழண்டுவிட்டது என்று குடும்பமே ஒருமனதாக முடிவு கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. கணக்கு டீச்சராக இருக்கிற பெண் முப்பத்தாறு வயதில் தையல் மெஷின் வாங்கியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இவள் மரம் கடைகிற லேத் அல்லவா வாங்கினாள்! அதை மொட்டைமாடி அறையில் ஏற்றி வைத்துக்கொண்டு, சனி ஞாயிறு முழுக்கத் தலையெல்லாம் மரத்தூளாகப் பேனா கடைந்தால் சொந்தக்காரர்கள் வேறு என்னதான் சொல்வார்கள்? மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை, அப்பாவின் அண்ணனான பெரியத்தா ஜெகபர் அலி நேருக்கு நேராகச் சொன்னார்.

"கடைக்குக் கடை பேனா தொங்குது. இவ மரத்தக் கூறு போட்டு, திரும்ப ஒட்டி, திரும்பச் சீவுறா. மரை கழண்ட கேசு."

அவளுக்காகச் சண்டைக்குப் போகிற ஒரே ஆள் தங்கை ஹாஃபிஸா. தனக்கு நிச்சயம் பேசிய அன்று இரண்டு வீட்டாரும் கூடியிருந்த இடத்தில், "நிக்காஹ்வுக்கு எங்க அக்கா செஞ்ச பேனாலதான் கையெழுத்துப் போடுவேன். வேற பேனாவத் தொடக்கூட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சபை சிரித்தது. ஃபாயிஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாஃபிஸா சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் அவளுக்குத் தெரியும்.

சும்மா ஒரு பேனா என்றால் ஒரே நாளில் கடைந்து கொடுத்துவிடலாம். தங்கைக்குச் சும்மா ஒரு பேனாவா? ஆயக்குடித் தோப்பில் வெட்டிப்போட்ட கொய்யாக் கட்டை வெளுப்பு, புளியமரத்து வைரம் கறுப்பு. இரண்டையும் சின்னச் சின்ன ஆப்புகளாக அறுத்து, எட்டை வட்டமாக ஒட்டினால் ஒரு வளையம். அப்படிப் பதினொரு வளையம், மொத்தம் எண்பத்தெட்டுத் துண்டு. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே காகித கனத்தில் பித்தளைத் தகடு. ஒவ்வொரு துண்டின் இரண்டு பக்கமும் சரியாக இருபத்திரண்டரை டிகிரி இருக்க வேண்டும். அரை டிகிரி பிசகினால் பதினாறு வெட்டுக்கு எட்டு டிகிரி ஆகிவிடும், கடைசித் துண்டு உட்காராமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கோணமானியை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். இதற்குத்தான்!

முதலில் செய்தது கல்யாண வாரத்துப் புதன்கிழமை லேத்திலேயே வெடித்தது. சுற்றுகிற வேகத்தில் பித்தளை சூடேறி, பசை இளகி, துண்டுகள் அறை முழுக்கப் பறந்தன. ஒன்று மின்விசிறியில் பட்டு அவள் காதோரமாகப் போனது. ஃபாயிஸா கீழே உட்கார்ந்து செத்த நேரம் அழுதாள். பிறகு எழுந்து அடுத்த எண்பத்தெட்டை அறுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு நிக்காஹ். அன்று விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு மாடிக்கு ஏறியவள், உளியைத் தொட்டும் தொடாமலும் வைத்து, அடிக்கடி நிறுத்திப் பித்தளையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கடைந்தாள். கரடுமுரடான கட்டை உருளையானது. மேல்தோல் போனது. வளையத்துக்கு வளையம் கொஞ்சம் திருப்பி ஒட்டியிருந்ததால் வெளுப்பும் கறுப்பும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஜடைப் பின்னலாக மேலே ஏறின. இடையிடையே பித்தளைக் கோடு மினுங்கியது. ஃபாயிஸா லேத்தை நிறுத்திவிட்டு, படிக்கட்டில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஹாஃபி! ஏ ஹாஃபி! மேல வாடி!"

மருதாணிக் கையோடு கல்யாணப் பெண் ஓடி வந்தாள். பார்த்தாள். அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்கா மேலிருந்த மரத்தூள் பூராவும் தங்கை மேல் ஏறிவிட்டது. கீழேயிருந்து அம்மா சர்புன்னிசா, "கல்யாணப் பொண்ண ஏண்டி கட்டையத் தூக்க விடுற?" என்று சத்தம் போட்டாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மிச்சமிருந்தது மரை. மூடியும் உடம்பும் திருகிப் பூட்டிக்கொள்கிற பித்தளை மரையைப் போடுகிற கருவி அவளிடம் இல்லை. அதற்கு நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் சடையாண்டியிடம்தான் போவாள். முதல் முறை போனபோதே அந்த மனிதர் ஒரு பூட்டையும் சாவியையும் அவள் கையில் கொடுத்து, "தொறங்க பாப்பம்" என்றார். அவள் திருகித் திருகிப் பார்த்தும் திறக்கவில்லை. சடையாண்டி வாங்கி, உடம்பால் மறைத்துக்கொண்டு ஒரு நொடியில் திறந்தார். எப்படி என்று கேட்டதற்குச் சிரித்தாரே ஒழியச் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு ஸ்கூட்டியில் போய் இறங்கினாள். மரை தயாராக இருந்தது. சடையாண்டி பேனாவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார்.

"யாத்தே, இம்புட்டு வேலையா! அதான் டீச்சரம்மா, மரைய நல்லா மாத்துல போட்டுருக்கேன். வெல உள்ள பொருளுக்கு அதான் மரியாத."

மாத்துக் குறையாத தங்கம் என்று சொல்வதில்லையா, அதுபோலப் பித்தளையும் உயர்ந்த ரகம் என்கிறார் என்று ஃபாயிஸா எடுத்துக்கொண்டாள்.

"உங்க கைல மாத்துக் கொறையுமாண்ணே!"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மரையை மூடிக்குள் ஒன்றும் உடம்பில் ஒன்றுமாகப் பசை தடவி இறக்கினார். அவள் மையூற்றிக் கொண்டுவந்திருந்த மைக்குழாயையும் நிப்பையும் பொருத்தினார். மூடியிலும் உடம்பிலும் பின்னல் விட்டுப்போகாமல் ஒரே ஓட்டமாக ஓட வேண்டும், அதனால் மூடிய நிலையிலேயே பசை காய வேண்டும்.

"ரெண்டு மணி நேரத்துக்குத் தொறக்கவே கூடாது. தொறந்தா பின்னல் கோணிப்போகும்" என்றார் கண்டிப்பாக.

"சரிண்ணே. பிரியாணிக்கு வந்துருங்க."

"பஸ்ஸப் புடிச்சு வாரேன், போங்க."

மண்டபத்தில் பதினொன்றே முக்காலுக்கு, பெண்கள் அறைக்குள் பெரியத்தா ஜெகபர் அலி தப்தரை ஏந்திக்கொண்டு வந்தார். அத்தா இல்லாத வீடு என்பதால் பெண்ணுக்கு அவர்தான் பொறுப்பாளி. கூட இரண்டு சாட்சிகள். பெண் சம்மதம் சொல்லி அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே ஹஜ்ரத் நிக்காஹ்வைத் தொடங்குவார். ஹாஃபிஸா சம்மதத்தைக் கணீரென்று சொல்லிவிட்டு, கையை நீட்டினாள்.

ஃபாயிஸா பெட்டியிலிருந்து பேனாவை எடுத்தாள். அறையில் இருந்த பெண்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அவள் மூடியைத் திருகினாள்.

திறக்கவில்லை.

இன்னும் அழுத்தித் திருகினாள், அசையவில்லை. முந்தானையால் பிடித்துத் திருகினாள்.  பசை வழிந்து மரைக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது! வேறென்னவாக இருக்க முடியும்? சடையாண்டிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. சாட்சியாக வந்த மாமா வாங்கித் திருகினார், முகம் சிவந்ததுதான் மிச்சம். சித்தி மகன் அஸ்பாக் வாசலில் நின்று, "குடுங்கக்கா, கொறடு வச்சு ஒரே திருகு" என்றான். "தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்றாள் ஃபாயிஸா. எண்பத்தெட்டுத் துண்டும் சேர்ந்து நிற்பது பசையில்தான், குறடு பட்டால் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

பெரியத்தா சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இதுல போடும்மா. ஹஜ்ரத் காத்துருக்காரு."

ஹாஃபிஸா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அக்கா பேனாலதான் போடுவேன்."

"ஹாஃபி, போட்டுருடி, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று ஃபாயிஸா சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்தக் குரலைக் கேட்டபின் தங்கை கேட்பாளா? முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

வாசலில் நின்ற ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அது அங்கிருந்து புறப்பட்டு, சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, மாப்பிள்ளை வீட்டார் இருந்த பக்கம் போய்ச் சேரும்போது பேனா வழியிலேயே தொலைந்துபோயிருந்தது. "பொண்ணு கையெழுத்துப் போட மாட்டேங்குதாம்" என்பது மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அக்கா முகம் வெளுத்து ஓடி வந்தாள்.

"என்னங்க, பொண்ணுக்கு இஷ்டமில்லையா?"

சர்புன்னிசா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பெரியத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஃபாயிஸாவைப் பார்த்துக் கத்தினார்.

"இருக்குற மானத்த வாங்காத! பேனாவ மாத்து! ஏம்மா, காதுல விழல? மாத்து! மாத்துங்கறேன்ல!"

மாத்து.

ஃபாயிஸா அப்படியே நின்றாள். நல்லா மாத்துல போட்டுருக்கேன். சிரித்துக்கொண்டே உடம்பால் மறைத்துத் திறந்தாரே, அந்தப் பூட்டு! அது தங்கத்தின் மாத்து இல்லை. மாற்றித் திருகுகிற மாத்து! திருடன் வழக்கமான பக்கமே திருகி ஏமாந்துபோகட்டும் என்று பூட்டுக்காரர் போடுகிற எதிர்ப்பக்க மரை! பசை வழியவே இல்லை. இத்தனை பேரும் சேர்ந்து மூடியை இறுக்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்கள்!

பேனாவை இறுகப் பிடித்தாள். வழக்கமாக எந்தப் பக்கம் திருகினால் மூடுமோ அந்தப் பக்கம் திருகினாள். முதலில் பிடிவாதம் பிடித்தது. பிறகு ஒரு சின்ன முனகல். பிறகு வெண்ணெயாகச் சுற்றியது.

"மரை கழண்டுருச்சு!" என்று அவள் அலறினாள். "ஹாஃபி! மரை கழண்டுருச்சுடி!"

அறையே கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளையின் அக்கா எதுவும் புரியாமலே கைதட்டினாள். ஹாஃபிஸா பேனாவை வாங்கி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, கடைசிப் புள்ளிவரை வைத்துத் தன் பெயரை எழுதினாள். மூடியை வாங்கி, அக்கா காட்டிய எதிர்ப்பக்கமே திருகி, பெரியத்தா பார்க்க அவளே மூடினாள். பேனாவையும் தப்தரையும் பெரியத்தா கையில் கொடுத்தாள்.

"மாப்பிள்ளையும் இதுலதான் போடணும் பெரியத்தா."

பெரியத்தா வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனார்.

அப்போதுதான் சடையாண்டி இஸ்திரி போட்ட சட்டையோடு படியேறி வந்தார். வந்ததும் வராததுமாக, வாசலில் நின்ற ஃபாயிஸாவைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன டீச்சரம்மா, பத்துப் போன் போட்டுருக்கீக? பஸ்ஸுல பாட்டுச் சத்தத்துல கேக்கல. மாத்துன்னு சொல்லித்தான குடுத்தேன்?"

"சொன்னீங்கண்ணே. நல்லாச் சொன்னீங்க" என்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆண்கள் பக்கத்தில் திடீரென்று சலசலப்பு. மேடையில் மைக்கை யாரும் அணைக்கவில்லை. மாப்பிள்ளை திருகுகிற மூச்சுச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தொறக்கலியே" என்றார் அவர். "பழுதோ?" என்றது வேறு யாருடைய குரலோ.

அதற்குப் பிறகு ஒலித்தது ஜெகபர் அலியின் குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே சொல்கிற மாதிரி சொன்னார்.

"பழுதெல்லாம் இல்ல மாப்ள. அது எங்க வீட்டுப் புள்ள தன் கையால கடஞ்ச பேனா. கண்டவங்களுக்கும் தொறக்காது. இப்பிடிக் குடுங்க, நான் காட்டுறேன்."