வாசனை இல்லாதவள்

சென்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவள் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஆள் தெருமுனை திரும்பும்போதே கமகமவென்று மணக்கும் என்றுதானே? அங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். அந்தக் கம்பெனியின் கலவைக்கூடத்துக்குள் காலெடுத்து வைப்பவர் மேல் துளி வாசனை இருக்கக் கூடாது. வாசனை சோப்பு கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. பவுடர் கூடாது. துணி துவைக்கும் தூளில்கூட மணம் கூடாது. மதியம் பூண்டு சாப்பிட்டால் அன்றைக்கு முழுக்கப் புட்டிகள் பக்கம் தலைகாட்டக் கூடாது. இருபத்தாறு வருஷம் ஒருத்தி இப்படியே இருந்தால் என்ன ஆவாள்? குழாய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிடுவாள். மூக்கம்மா அப்படித்தான் ஆகியிருந்தாள்.

மூக்கம்மா என்பது அங்கே சொட்டுச் சொட்டாக எடை போடும் தராசுக்காரர் வைத்த பெயர். அவர் வாய் சும்மா இருக்காது. ஆனால் பெயர் பொருத்தமானதுதான். அலமாரியில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் புட்டிகளில் எதை நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்லிவிடுவாள். புதுக் கலவைகளை உருவாக்குவது அவள் வேலை. கடைக்காரர்கள் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் தவறாமல் ஒரு விஷயம் சொல்வாள்.

"உங்க வீட்டுக்கு என்ன வாசனைன்னு உங்களுக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். நம்ம மூக்கு நம்மள விட்டுட்டுத்தான் மத்ததை எல்லாம் பார்க்கும்."

வந்தவர்கள் தங்கள் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். நூறு தடவையாவது இதைச் சொல்லியிருப்பாள்.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. எண்பத்தொரு வயது அம்மாவுக்குப் பார்வை போய் நாலு வருஷம் ஆகிறது. காதும் பாதிதான், எல்லோர் குரலும் ஒரே குரலாகக் கேட்கும். ஞாபகம் வருவதும் போவதுமாக இருந்தது. மிச்சம் இருந்தது மூக்கு ஒன்றுதான், அது மட்டும் படு கூர்மை. மகளுக்கு அந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் நிற்கும்போதே, "என்ன தையலு, மிஷினுக்கு எண்ணெய் போட்டியா?" என்பாள் அம்மா. பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஆயா உள்ளே நுழைந்தால், "வந்துட்டா தைலக்காரி. இன்னைக்கும் முட்டி வலியா?" டாக்டரைக் கைகழுவும் மருந்து வாசனையில் பிடித்துவிடுவாள். எல்லோரையும் தெரிந்தது அவளுக்கு. பெற்ற மகளைத் தவிர.

"யாரு, நர்ஸம்மாவா?"

முதல் தடவை கேட்டபோது மூக்கம்மா சிரித்தாள். பத்தாவது தடவை காதருகில் குனிந்து கத்தினாள். "நான்தான்மா. பெரியவ!"

"அவ வேலைக்குப் போயிருக்கா. நீங்க சோத்தை ஊட்டுங்க, நர்ஸம்மா." அம்மா மரியாதையாக வாயைத் திறந்தாள்.

அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. தையல்காரிக்கு ஒரு 'தையலு' உண்டு, ஆயாவுக்கு ஒரு கிண்டல் உண்டு. மகளுக்கு வெறும் 'ங்க'.

ஒரு நாள் டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டுப் பேசினார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டே இருக்கிறது, ஒரு மாதம் தாண்டுவது கஷ்டம், பக்கத்திலேயே இருங்கள் என்றார். அவள் தலையை ஆட்டினாள். அதற்குள் ஒரே ஒரு தடவை அம்மா 'பெரியவளே' என்று கூப்பிட்டுவிட வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

"நீங்க செய்யறதுலயே ஒரு சென்ட்டை அடிச்சுக்கிட்டு வாங்களேன்மா. யோசிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே!" என்றாள் ஆயா.

"எதை அடிச்சாலும் வேற யாரோன்னுதான் நினைப்பாங்க, ஆயா. என்னோட வாசனை வேணும்."

அது என்ன வாசனை? அதற்குக் கலவைக்கூடத்துக்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அம்மா அப்போது ஒரு தேயிலைக் கிடங்கில் வேலை பார்த்தாள். அங்கே தேயிலையைப் பரப்பி, மேலே மல்லிகைப் பூவைப் பரப்பி, மறுபடி தேயிலை, மறுபடி பூ என்று அடுக்குவார்கள். விடிந்ததும் சலித்துப் பூவைப் பிரித்துவிடுவார்கள். மணத்தையெல்லாம் இலைக்குக் கொடுத்துவிட்டுச் சோர்ந்துபோன அந்தப் பூக்களைத்தான் அம்மா உலர்த்தி, கொஞ்சம் தேயிலைத் தூளும் சேர்த்துத் தலையணைக்குள் அடைத்திருந்தாள். நீளமான ஒரே தலையணை. அதில் இரண்டு தலைகள், மூக்கம்மாவுடையதும் தங்கை சிட்டுவுடையதும்.

சிட்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். பள்ளிக்கூடம் அனுப்ப முடியாது, தனியாக விடவும் முடியாது. அம்மா அவளைக் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலை மூட்டைகள் மேல் உட்கார வைத்துவிடுவாள். ஏழு வயதில் அந்தக் குழந்தை போய்விட்டது. மூக்கம்மாவுக்கு அப்போது பதினொன்று. அன்றைக்குப் பிறகு அந்தப் பெயரை அம்மா உச்சரித்ததே இல்லை. பெரியவளைக் கட்டிக்கொண்டதும் இல்லை. சோறு போட்டாள், படிக்க வைத்தாள், காய்ச்சல் வந்தால் துணியை நனைத்து, யாரோ வேற்றாளுக்குக் கொடுப்பது போல எட்ட நின்று நீட்டினாள். போனவளுக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்று நினைக்கிறாளோ என்று அந்தப் பதினொரு வயதுப் பெண் முடிவு கட்டிக்கொண்டாள். கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

அந்தப் படுக்கையின் வாசனைதான் தன் வாசனை என்று மூக்கம்மா தீர்மானித்தாள். அதைச் செய்வது அத்தனை சுலபமாக இல்லை. மல்லிகை கொஞ்சம் கூடினால் ஜவுளிக்கடைத் திறப்பு விழா மாதிரி ஆகிவிட்டது. குறைத்தால் சோப்பு. தேயிலையோ இன்னும் மோசம், கொதிக்க வைத்த டீயாகவே வந்து நின்றது. அவளுக்கு வேண்டியது சாக்கில் இருக்கும் உலர்ந்த இலை. கொஞ்சம் மரப்பெட்டி, கொஞ்சம் வைக்கோல், நாக்கில் படாத ஒரு துவர்ப்பு. பூவோ ராத்திரி முழுக்க விழித்திருந்த பூவாக இருக்க வேண்டும்.

"என்னம்மா இது, மேல பூசறதா, குடிக்கிறதா? சர்க்கரை தூக்கலா போடட்டுமா?" என்றார் தராசுக்காரர், பன்னிரண்டாவது கலவையில்.

"வாயை மூடிக்கிட்டு எடை போடுங்க."

முப்பத்தொன்றாவது கலவையில் காகிதக் கீற்றைத் தோய்த்து நீட்டியபோது அவர் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. கீற்றை இரண்டு தடவை முகர்ந்தார்.

"ஒரு குழந்தை தூங்கி எழுந்து பக்கத்துல வந்து நின்ன மாதிரி இருக்கும்மா."

மேலாளரும் வந்து முகர்ந்தார். எவ்வளவு மென்மை, இதையே விற்பனைக்குக் கொண்டுவரலாம் என்று குதித்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அவள். அவளுக்கு வேண்டியது ஒரு சின்னப் புட்டி. அன்று மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். கீழே படிக்கட்டில் நின்று கழுத்திலும் தலைமுடியிலும் தடவிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூக்கம்மா கட்டிலருகே போய் ஒன்றும் பேசாமல் நின்றாள். அம்மாவின் மூக்குத் துவாரம் விரிந்தது. முகம் மெதுவாகத் திரும்பியது. இரண்டு கைகளும் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தன.

"சிட்டு!"

மூக்கம்மா குனிந்து அந்தக் கைகளைப் பிடித்தாள்.

"சிட்டு, வந்துட்டியாடி? எத்தனை நாளாச்சுடி ராசாத்தி! வா, வந்து அம்மாகிட்ட படுத்துக்கோ."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, என்ன முட்டாள்தனம்! நம்ம மூக்கு நம்மள விட்டுட்டுத்தான் மத்ததைப் பார்க்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னவள் தனக்கு ஒரு தடவை சொல்லிக்கொள்ளவில்லை. அந்தத் தலையணையில் அவள் முகர்ந்தது தன்னை அல்ல. பக்கத்தில் படுத்திருந்தவளை. நாள் முழுக்கத் தேயிலை மூட்டை மேல் கிடந்துவிட்டு வந்த தங்கையின் உச்சந்தலையை. முப்பத்தொரு தடவை தராசில் ஏற்றி, சொட்டுச் சொட்டாகத் திருத்தி, அவள் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியது சிட்டுவை.

அம்மாவின் கை அதற்குள் அவள் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அம்மா கட்டிக்கொள்கிறாள், அதுவும் இன்னொருத்தியை. விலக வேண்டும் என்று தோன்றியது. விலகவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

"அக்கா என்மேல கோவமா இருக்காளாடி?" என்றாள் அம்மா, அவள் முடிக்குள் முகத்தை வைத்தபடி.

"எதுக்கும்மா?"

"நீ போனப்புறம் அவளை நான் தொடவே இல்ல. எப்படித் தொடறது? ஒரே தலகாணியில படுத்தவ. அவ முடியில உன் வாசனை அப்படியே இருந்துச்சு. பக்கத்துல வந்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கும். தள்ளித் தள்ளி நிறுத்தினேன். வாசனை போகட்டும், அப்புறம் எடுத்துக் கொஞ்சிக்கலாம்னு இருந்தேன்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்குள்ள அவ வளந்துட்டா. வளந்த புள்ளையை எப்படிடி திடீர்னு கட்டிப்புடிக்கிறது? எனக்குக் கூச்சமாப் போச்சு."

கூச்சம்! நாற்பத்திரண்டு வருஷம் அவள் சுமந்த பாரத்துக்கு அம்மா வைத்திருந்த பேர் கூச்சம். மூக்கம்மாவுக்கு ஆத்திரம் வந்தது, அழுகை வந்தது, எது முந்தி என்று சொல்ல முடியாது. அம்மாவின் காதில் வாயை வைத்தாள்.

"அம்மா, நான்தான்மா பெரியவ."

அம்மா சிரித்துவிட்டாள். "போடி திருட்டுக் குட்டி. அவளுக்கு ஏது வாசனை?"

மூன்று நாள் அவள் சிட்டுவாகவே இருந்தாள். சிட்டு ஊட்டினால் அம்மா நாலு வாய் கூடவே சாப்பிட்டாள். சிட்டு பக்கத்தில் இருந்தால் இருமல்கூட அடங்கியது. புட்டி பாதிக்கு இறங்கியது. ஆயா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், சமையலறையில் போய் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் மூக்கம்மா குளித்துவிட்டு, எதையும் தடவிக்கொள்ளாமல், அம்மாவுக்கு உடம்பு துடைக்க வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே போனாள்.

"யாரு, நர்ஸம்மாவா?" குரல் நூலாக இருந்தது.

"ஆமாம்மா." இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் சின்னப் பொண்ணு வந்துட்டா, பார்த்தீங்களா? பெரியவளும் வருவா. அவளுக்கு வாசனையே இருக்காது, வேலை அப்படி. எனக்கு அடையாளம் தெரியாது. யாரோன்னு நினைச்சுப் பேசாம இருந்துடுவேன், பாவம், அவ திரும்பிப் போயிடுவா. அவ வந்தா நீங்க எனக்குச் சொல்லணும். சொல்வீங்களா?"

மூக்கம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டாங்கம்மா. வாசல்லதான் நிக்கிறாங்க."

"அப்படியா! உள்ள விடுங்க. நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க, நர்ஸம்மா. நாங்க பேசணும்."

அவள் தரை அதிர நடந்து போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். பிறகு வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் நாடகம். அதற்குள் அம்மா, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, சுவர்ப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்து இடம் விட்டிருந்தாள். மூக்கம்மா அந்த இடத்தில் படுத்தாள். அம்மாவின் கை தேடி வந்து அவள் தலையில் விழுந்தது. முடியைப் பிடித்து முகத்தருகே இழுத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"ஒரு வாசனையும் இல்ல," என்றாள் அம்மா. "அப்போ நீதான். பெரியவளே!"

"ம்."

"கூச்சப்படாம கிட்ட வா."

ஆயிரத்துச் சொச்சம் புட்டிகளைப் பேர் சொல்லும் மூக்கு அது. அதை அம்மாவின் கழுத்தில் புதைத்து நெஞ்சு நிறைய இழுத்தாள். இந்த ஒன்றையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி இழுத்தாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தாள். வெறும் காற்று. பிறந்ததிலிருந்து அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவள் வாய்விட்டு அழுதாள், அம்மாவின் கை அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

பத்து மணிக்கு ஆயா வந்து கதவைத் தட்டினாள். மூக்கம்மா எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கை இன்னும் அவள் தலைமேல்தான் இருந்தது. அது அசையாமல் கனத்துப்போய் ரொம்ப நேரமாகியிருந்தது.