தாத்தா வீட்டுச் சுவர்

ஐந்து வயது முடிந்தும் ஹைக்கலுக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை. மேசையில் உட்கார வைத்தால் தாளின் மேலேயே கவிழ்ந்துவிடுவான். சோம்பேறி என்று சொல்லி முடித்துவிட்டார் தாத்தா முகம்மது சுல்தான். அவன் அம்மா ரோஹானாவுக்கு மனசு கேட்கவில்லை. கணவன் ஜாஹிரை நச்சரித்து, பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே தெரபிஸ்ட் யோகலட்சுமி சுவரில் தாளை ஒட்டி, கிரேயானைக் கொடுத்து அவனை நிற்க வைத்தாள்.

"பாருங்கக்கா, கைய மேல தூக்குறப்ப தோளு வேலை செய்யுது. மணிக்கட்டு பின்னால வளையுது. விரலுக்குப் பிடி அப்படித்தான் வரும். முதுகும் நிமிருது பாருங்க. எழுதச் சொல்லி அதட்டாம, கொஞ்ச நாள் செவுத்துல விளையாட விடுங்க."

ஜார்ஜ்டவுனில் அவர்கள் குடியிருந்தது ரோஹானாவின் மாமனார் முகம்மது சுல்தானின் வீட்டில். கீழே அவருடைய நாசி கண்டார் சோற்றுக்கடை, மேலே குடும்பம். கடையின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி ஒரு சிமெண்டுச் சுவர் இருந்தது. ரோஹானா அங்கே ஒரு வாளித் தண்ணீரும் பெயிண்டு பிரஷ்ஷும் வைத்தாள். தண்ணீரில் வரைந்தால் வெயிலில் காய்ந்துவிடும், யாரும் குறை சொல்ல முடியாது.

ஹைக்கல் அப்பாவின் காரைப் போல ஒரு கரேத்தா வரைந்தான். கார்களை ஏற்றிக் கடல் தாண்டும் ஃபெரி வரைந்தான். ஃபெரிக்குப் புகை வேண்டுமென்று நுனிக்காலில் எம்பினான். சில மாதங்களில், ஒரு காலை, தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றான். ரோஹானா அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் நூருல் ஹுதாவுக்கு நிச்சயம் வந்தது. கூடம் முழுக்க வெள்ளை அடித்தார்கள். விருந்துக்கு முந்தின நாள் ஹைக்கல் எங்கிருந்தோ ஒரு மார்க்கரை எடுத்து, கூடத்துச் சுவரில் கை எட்டும் உயரம் வரைக்கும் ஒரு பெரிய ஃபெரியைப் போட்டுவிட்டான். உள்ளே அத்தனை கரேத்தா. அவன் அதுவரை வரைந்ததிலேயே அழகானது அதுதான்.

முகம்மது சுல்தான் ரோத்தான் பிரம்பை எடுத்தார்.

அலறல் கேட்டு ரோஹானா ஓடி வந்தபோது, அவர் பிள்ளையின் வலது உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தார். ஜாஹிர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பெரியவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். நிச்சயம் முடிந்ததும் ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். "இந்தா பேரா, இதுல எவ்ளோ வேணும்னாலும் வரை. செவுரு அழுக்காகாதுலா."

ஹைக்கல் சோபாவில் சரிந்து, ஒற்றை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிள்ளை எவ்வளவு அமைதியாகிவிட்டான் என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். பொத்தான் போட மறுபடி அம்மாவைக் கூப்பிட்டான். அவள் பின்கட்டுக்கு அழைத்துப் போய் பிரஷ்ஷை நீட்டியபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம்மா. அது தாத்தா செவுரு."

அன்றைக்கு அவள் ஜாஹிரிடம் கேட்டாள்: "ஏங்க, நீங்க அங்கதானே நின்னீங்க?"

"அத்தா வீட்டுல இருந்துக்கிட்டு அத்தாவையே எதுத்துப் பேசச் சொல்றியா?"

அடுத்த தடவை மருத்துவமனையில் யோகலட்சுமி வழக்கம்போலச் சுவரில் தாளை ஒட்டினாள். ஹைக்கல் கிரேயானை வாங்கவில்லை. "வரைஞ்சா அடிப்பீங்களா?" என்று கேட்டான்.

யோகலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல ஏதும் நடந்துச்சா?"

"ஒண்ணுமில்ல மிஸ், சும்மா பயம்," என்றான் ஜாஹிர்.

"அவங்க தாத்தா ரோத்தானால கையில அடிச்சாரு," என்றாள் ரோஹானா. "இவரு பாத்துக்கிட்டு நின்னாரு."

திரும்பும்போது காரில் ஜாஹிர் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "வெளியாள் முன்னால எங்க அத்தா மானத்த வாங்கிட்ட."

பின்சீட்டில் ஹைக்கல் டேப்லெட்டைக் கேட்டான். ஜாஹிர் ஒரு கையால் அதை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினான்.